லஸ்கர் வண்டியின் விளக்கும் நான் வரைந்த மூடியும்

இதனை எழுதாமலே விட்டிருப்பேன். ஆனால் நான் ஈப்போவுக்குத் திரும்பிய பத்தாம் நாள், திருக்காட்டுப்பள்ளியில் விசையுந்துகளைப் பழுதுபார்க்கும் ஜபருல்லாவிடமிருந்து ஒரு குரற்பதிவு வந்தது. "ஐயா, நீங்க போட்டுக் குடுத்த படத்த வெச்சு இன்னும் நாலு வண்டிக்கு மாட்டிட்டேன். கேக்குறவங்ககிட்டல்லாம் மலேசியா ஐயா கண்டுபிடிச்சதுன்னுதான் சொல்லிக்கிட்டிருக்கேன்." அவர் நல்லெண்ணத்துடன்தான் சொல்கிறார். ஆயினும் அது உண்மையன்று. அவ்வண்டிகளின் எரிபொருள் விளக்கைத் திருத்திய எண்ணம் வேறொருவருடையது. அதில் என்னுடையதாக இருந்தது வேறொன்று. அதனை எவரும் குறிப்பிடுவதில்லை. இரண்டையும் உரியவர்க்கு உரியவாறு பிரித்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் தஞ்சைக்குச் சென்றது பாசனச் சொற்களுக்காக. எங்கள் ஊர்த் தமிழாசிரியர்கள் சிலருக்காக ஒரு சிறு சொற்றொகுப்பு அணியமாகி வருகிறது. மடை, மதகு, கண்ணாறு என்னும் சொற்களுக்கு நூல்களில் பொருள் கிடைக்கிறது. அவற்றினூடே நீர் எவ்வாறு ஓடுகிறது என்பது கிடைப்பதில்லை. தஞ்சை நண்பர் ஒருவர், "கலியபெருமாள் வண்டியில் பின்னால் உட்காருங்கள், எல்லாம் தெரிந்துவிடும்" என்றார்.

கலியபெருமாள் ஒரு லஸ்கர். வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடும் அரசு ஊழியரை இங்கே அவ்வாறு அழைக்கிறார்கள். பாரசீகம் வழியாக வந்த சொல். என் தொகுப்பில் 'நீர்க்காவலர்' என்று எழுதியிருக்கிறேன். அப்பெயரால் அழைத்தால் அவர் திரும்பிப் பார்க்கமாட்டார்.

முதல் நாட்காலை, தஞ்சைப் பேருந்து நிலையத்தருகே இட்டிலியும் கடப்பாவும் உண்டேன். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் கூடிய இந்தத் தொடுகறியை எங்கள் ஊர் உணவகங்களில் நான் கண்டதில்லை. இரண்டாம் முறை ஊற்ற வந்தவர், "மெதுவா சாப்பிடுங்க, பஸ்ஸு எங்கயும் போயிடாது" என்றார். போய்விட்டது. அடுத்த பேருந்தில் திருக்காட்டுப்பள்ளிக்குச் சென்றபோது கலியபெருமாள் வண்டியுடன் நின்றிருந்தார். ஐம்பத்தைந்து அகவை இருக்கும். மதகு திருகும் இரும்புக் கைப்பிடியொன்று வண்டியின் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தது.

வாய்க்காற்கரை வழியே சென்றோம். அணையில் நீர் குறைந்திருந்ததால் முறைப்பாசனம் நடந்துகொண்டிருந்தது. வாய்க்கால் முழுமைக்கும் ஒருசேர நீர் விடாமல், மேற்பகுதிக்குச் சில நாள், கீழ்ப்பகுதிக்குச் சில நாள் என முறை வைத்து விடுவதே அது. வரும் வியாழன் காலை ஆறு மணிக்கு மேல்மதகுகள் மூன்றையும் மூடிவிட்டால், நீர் கடைமடை ஊராகிய கீழப்பூவங்குடிக்குச் செல்லும். அவர் சொல்லச் சொல்ல, வண்டி குலுங்கக் குலுங்க, என் எழுத்து எனக்கே விளங்காதவாறு எழுதிக்கொண்டு வந்தேன்.

அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்கையில் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது.

"எரிபொருள் குறைந்துவிட்டது போலிருக்கிறதே" என்றேன்.

"அது கெடக்குங்க ஐயா. டேங்க் ரொம்பி இருந்தாலும் மினுக்கும், காஞ்சு கெடந்தாலும் மினுக்கும். அதுபாட்டுக்கு அது, நம்மபாட்டுக்கு நாம."

எங்கள் ஊரில் எரிபொருள் நிலையம் எத்திசையில் திரும்பினாலும் தென்படும். விளக்கு எரிந்தால் உள்ளே நுழைந்துவிடுவோம். இக்கரையில் வலப்புறம் வயல், இடப்புறம் வாய்க்கால், நடுவே நாங்கள். அரை மணிப்பொழுதில் வண்டி இருமி நின்றது.

அவர் பதறவில்லை. வண்டியை இடப்பக்கமாகத் தரைவரை சாய்த்தார். ஒரு மூலையில் தேங்கியதை மறுமூலைக்குக் கொண்டுவரும் முறையாம் அது. பின் நிமிர்த்தி உதைத்தார். வண்டி மேலும் இரண்டு கிலோமீட்டர் ஓடி, அதற்கப்பால் எதற்கும் அசையவில்லை. அவசரத்துக்கென்று ஒரு புட்டியில் எரிபொருள் வைத்திருப்பது அவர் வழக்கம். முந்தாநாள் கரையில் நின்றுவிட்ட யாரோ ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட்டார். கரையில் நிற்பவரிடம் இல்லையென்று சொல்லும் பழக்கம் இங்கில்லை.

நாங்கள் நின்ற இடம் கீழப்பூவங்குடியின் எல்லை. வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மையார் நிமிர்ந்து, கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"என்ன லஸ்கர் சார், இந்த வருஷமும் நடைதானா?"

கலியபெருமாள் வண்டியைத் துடைக்கத் தொடங்கினார். துடைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை.

அம்மையாரின் பெயர் சகுந்தலா. ஒன்றரை ஏக்கர் நிலம். நட்டுப் பதினைந்து நாளான பயிர். என்னைக் கரையோர வேம்பின் நிழலில் அமரச் சொல்லி, தூக்குப்பாத்திரத்திலிருந்து மோர் ஊற்றிக் கொடுத்தார். எனக்கு மட்டும் கொடுத்தார். கலியபெருமாள் வண்டியிலிருந்த தம் தண்ணீர்ப் புட்டியை எடுத்துக் குடித்துவிட்டு, யாரையாவது வழிமறித்துப் பெட்ரோல் வாங்கி வருவதாகச் சொல்லி நடந்தார். அவர் சற்றுத் தொலைவு சென்றதும் அம்மையார் சொன்னார்:

"போன வருஷம் எங்க முறை வந்த அன்னிக்கு, இந்தாளு வண்டி பாதி வழியில நின்னுபோச்சு. நடந்து போயி ஷட்டர மூடுறதுக்குள்ள மத்தியானம். அதுக்குள்ள மேல இருக்கிறவங்க பாய்ச்சிக்கிட்டாங்க. தண்ணி எங்க எல்லை வரைக்கும் வந்து, நாக்க நீட்டிட்டுத் திரும்பிப் போயிட்டுது. மறு முறை வரைக்கும் பயிர் நிக்கல."

"அவர் என்ன சொன்னார்?"

"வெளக்கு மினுக்கிக்கிட்டே இருந்துச்சாம், அதனால நம்பலையாம். நல்ல வெளக்கு."

அவருடைய வயலின் ஓரத்தில், மண்ணுக்குள் இறக்கிய ஒரு நெகிழிக்குழாய் ஒரு சாண் உயரம் வெளியே தெரிந்தது. மண்ணுக்குள் இருக்கும் பகுதியில் துளைகள் உண்டாம். வேளாண் அலுவலகத்தார் கொடுத்தது. வயலில் ஈரம் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை அதற்குள் பார்த்துத் தெரிந்துகொண்டு, தேவைப்படும்போது மட்டும் நீர் பாய்ச்சலாம். அதன் பெயர் கேட்டேன். "ஆபீஸ்ல என்னவோ இங்கிலீஷ்ல சொன்னாங்க. எங்களுக்குக் குழாய்." குழாயின் வாய்மீது ஒரு கொட்டாங்குச்சி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. நான் குறிப்பேட்டை எடுத்து அதனை வரைந்துகொண்டேன். கொட்டாங்குச்சியையும் விடாமல் வரைந்தேன்.

கலியபெருமாள் ஒரு பால்காரரின் தயவில் அரைப் புட்டி எரிபொருளுடன் திரும்பினார். அவர் காதில் விழும்படி சகுந்தலா என்னிடம் சொன்னார்:

"வயல் நெறையத் தண்ணி நிக்கும்போது எவ்வளவு காத்தடிச்சாலும், இந்தக் கொழாய்க்குள்ள இருக்கிற தண்ணி ஆடாது. லஸ்கர் சார் வண்டி டேங்க்லயும் இதுல ஒண்ண நட்டு வெக்கச் சொல்லுங்க. அப்பயாவது அவருக்கு வெளக்கு நெலையா எரியுதான்னு பாப்போம்."

அது ஏளனமாகவே சொல்லப்பட்டது, ஏளனமாகவே கேட்கப்பட்டது. கலியபெருமாள் புட்டியைக் கலத்தில் கவிழ்த்துவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

இரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. ஜபருல்லாவின் பட்டறைக்குச் சென்றோம். சவுதியில் பல ஆண்டு வேலை செய்துவிட்டு வந்தவர். கலியபெருமாளை மாப்பிள்ளை என்றே அழைப்பார்.

"வாங்க மாப்ளே. இன்னிக்கு எதுல நிக்குது வண்டி?"

"உங்க வாயிலதான் பாய். மனுசன் நேத்து மானம் போயி வந்திருக்கேன்."

நடந்ததைச் சொன்னார். சகுந்தலாவின் சொற்களை, அவர் குரலையே போன்று கசப்புடன் சொல்லிக் காட்டினார். சிரிக்கப்போன ஜபருல்லா சிரிப்பை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார். பின் என்னிடம், "ஐயா, நீங்க அந்தக் கொழாயப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான் குறிப்பேட்டை நீட்டினேன்.

அவர் எனக்கு விளக்கியதை என் மொழியில் சொல்கிறேன். எரிபொருட்கலத்துள் ஒரு கம்பியின் நுனியில் சிறு மிதவை இருக்கிறது. எரிபொருள் குறையக் குறைய மிதவை தாழ்ந்து, ஓர் எல்லையில் விளக்கை எரியச் செய்கிறது. சீரான சாலைக்கு இது போதும். கரைச்சாலையின் பள்ளத்திலும் சாய்விலும் எரிபொருள் அலைமோதுகிறது, மிதவை துள்ளுகிறது, விளக்கு மினுக்குகிறது. நாள் முழுதும் மினுக்கும் விளக்கை ஒருவன் எத்தனை நாள் பார்ப்பான்? மூன்றாம் வாரத்தில் அது அவன் கண்ணுக்குத் தெரியாமற் போய்விடும். கலியபெருமாளின் குற்றம் சோம்பலன்று. பொய் சொல்லும் ஒன்றை நம்பாமலிருக்கப் பழகியது மட்டுமே.

"அந்தம்மா கிண்டலுக்குச் சொல்லல மாப்ளே. கிண்டலுக்குத்தான் சொல்லியிருக்கும், ஆனா சரியாச் சொல்லியிருக்கு" என்றார் ஜபருல்லா. "பிளாஸ்டிக்கு பெட்ரோல்ல எளகிடும். பித்தளை போடுவோம்."

கலத்தைக் கழற்றி எரிபொருளை ஒரு தகரக்கலத்தில் வடித்தார். மின்தடைக்கு உதவும் பழைய மின்னாக்கி ஒன்றிலிருந்து, நேர்க்குத்தாக ஏறியிறங்கும் மிதவையொன்றை எடுத்தார். அதனை ஒரு பித்தளைக் குழாய்க்குள் வைத்தார். என் படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு, குழாயின் அடியில் துளைகளிட்டார். மேல்வாயைத் தகடு வைத்து அடைத்துப் பற்றவைத்தார். மாலைக்குள் பொருத்தியாயிற்று. சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிந்தது. வண்டியைக் குலுக்கினார், மினுக்கவில்லை. கலியபெருமாள் முதன்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார்.

பின் எரிபொருளைக் கலம் நிறைய ஊற்றினார்கள். விளக்கு அணையவில்லை. மீண்டும் கழற்றினார், மீண்டும் மாட்டினார். விளிம்புவரை எரிபொருள் நின்றபோதும் விளக்கு அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

"முன்னாடி மினுக்குச்சு, இப்ப அணையவே மாட்டேங்குது. ரெண்டும் ஒண்ணுதான் பாய்" என்றார் கலியபெருமாள். குரலில் சினம் இல்லை. அதுவே எனக்கு வருத்தமாயிருந்தது.

ஜபருல்லா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "படத்துல இருக்கிற மாதிரியேதான ஐயா செஞ்சிருக்கேன்" என்றார். ஆமாம் என்றேன்.

மூன்றாம் நாள், படத்தைச் சகுந்தலாவிடமே காட்டிக் கேட்க, நான் தனியே பேருந்தில் கீழப்பூவங்குடிக்குச் சென்றேன். மறுநாள் முறை. பேருந்தில் உரமூட்டைகளுக்கு நடுவே ஒரு காலை மட்டும் ஊன்றும் இடம் கிடைத்தது. முன்னிருக்கையில் இரு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"நாளைக்கு நம்ம மொறையாம்ல."

"மொறை நம்மளதுதான். லஸ்கரு வண்டி ஓடணும்ல."

"ஓடாட்டி இந்தத் தடவ நாமளே தள்ளிக்கிட்டுப் போயி விடுவோம்."

பேருந்து ஊருக்குள் செல்லவில்லை. பாலத்தடியில் நிறுத்திவிட்டு, "ரோடு வேலை நடக்குது, எறங்கிக்கங்க" என்றார் நடத்துநர். எப்போது முடியும் என்று கேட்டேன். "நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து நடக்குதுங்க." இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். வயல்களில் நீர் வற்றி, சேறு இறுகி, மயிரிழை போன்ற வெடிப்புகள் தோன்றியிருந்தன. நட்டுப் பதினேழு நாளான பயிர் இன்னும் நான்கு நாள் தாங்கும் என்று வழியில் ஒருவர் சொன்னார். அடுத்த முறைக்கு அதைவிட மிகுதியான நாள்கள் இருந்தன.

சகுந்தலா குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தார். பின் சிரிக்கத் தொடங்கினார். நிறுத்த அவரால் இயலவில்லை.

"இது என்னங்க ஐயா, மேல?"

"கொட்டாங்குச்சி. நீங்கள் மூடி வைத்திருந்தீர்களே."

"நண்டு விழுந்துடக் கூடாதுன்னு கவுத்து வெச்சிருக்கேன். அது சும்மா ஒக்காந்திருக்கு. தூக்கிப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. அவர் என்னை வயலுக்கு அழைத்துச் சென்று கொட்டாங்குச்சியை எடுத்தார். குழாயின் வாய் திறந்தேயிருந்தது. உள்ளே மிக ஆழத்தில் ஒரு துளி வானம் தெரிந்தது.

"மேல தொறந்திருந்தாத்தான் கீழ தண்ணி ஏறும், எறங்கும். உள்ள இருக்கிற காத்து வெளிய போகணும்ல. சொம்பக் கவுத்துத் தண்ணிக்குள்ள அமுக்கினா தண்ணி உள்ள ஏறுமா?"

எரிபொருளை எவ்வளவு ஊற்றினாலும் குழாய்க்குள் அடைபட்ட காற்று அதனை ஏறவிடவில்லை. மிதவை அடியிலேயே கிடந்தது. விளக்கு, கலம் காலியென்றே கருதிக்கொண்டிருந்தது. மூடாத ஒன்றை மூடியதாக வரைந்தவன் நான். நாற்பதாண்டுக் காலம் பிள்ளைகளின் ஏடுகளில் சிவப்பு மையால் வட்டமிட்டவன், ஒரு கொட்டாங்குச்சியைத் தூக்கிப் பார்க்கக் குனியவில்லை.

அவர் என் எழுதுகோலை வாங்கி, படத்திலிருந்த மூடியின்மேல் அழுத்தமாக ஒரு புள்ளி வைத்தார். "இங்க ஒரு ஓட்டை போடச் சொல்லுங்க. பெருசா வேணாம், ஊசி நொழையுற அளவு." பின், எனக்கு விளக்கத் தெரியாது என்று எண்ணினாரோ என்னவோ, என் கைப்பேசியை வாங்கி ஜபருல்லாவிடம் தாமே பேசினார். "பாய், நாளைக்கு எங்க மொறை. இன்னிக்கே முடிச்சுடுங்க" என்று சொல்லி என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இம்முறை குரலில் ஏளனம் இல்லை.

மாலையில் கலியபெருமாள் என்னை அழைத்துச் செல்ல அவ்வண்டியிலேயே வந்தார். விளக்கு அணைந்திருந்தது. துளையிட்டவுடன் சரியாகிவிட்டதாம். சோதிப்பதற்காகக் கலத்தில் சிறிதளவே விட்டிருந்தார்கள். எஞ்சியது பட்டறையில் இருந்தது. போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று புறப்பட்டோம். பட்டறை பூட்டியிருந்தது. ஜபருல்லா ஒரு திருமணத்துக்குப் போய்விட்டார்.

என்னைப் பூதலூர் தொடர்வண்டி நிலையத்தில் விடுவதற்காக மேலும் சென்றோம். அவர் வீடு அவ்வழியில்தான். வீடு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், தூறல் தொடங்கியபோது, மஞ்சள் விளக்கு எரிந்தது.

வண்டியை நிறுத்தினார். இறங்கி, அதன் முன்னால் நின்று பார்த்தார். இருபுறமும் குலுக்கினார். எரிந்தது. கரைச்சரிவில் சாய்த்துப் பிடித்தார். எரிந்தது.

"மினுக்கலீங்களே ஐயா."

எரிபொருள் நிலையம் வந்த வழியே ஆறு கிலோமீட்டர் பின்னால். என் மேற்சட்டை நனையத் தொடங்கியிருந்தது. தொடர்வண்டிக்கும் நேரமாகிவிட்டது. "விளக்கு எரிந்த பிறகும் ஒரு லிட்டர் இருக்கும் என்று ஜபருல்லா சொன்னாரே. காலையில் பார்த்துக்கொள்ளலாமே" என்றேன்.

"போன வருஷம் இதே வார்த்தையத்தாங்க நான் என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன்" என்றார். வண்டியைத் திருப்பினார்.

கலம் நிறைய நிரப்பினோம். விளக்கு அணைந்தது. நான் தொடர்வண்டியைத் தவறவிட்டு, அவர் வீட்டிலேயே தங்கினேன். அரிசி உப்புமாவும் கத்தரிக்காய்க் கொத்சும் கிடைத்தன.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு முதல் மதகு. கைப்பிடியை மாட்டித் திருகத் திருக, பலகை இறங்கி நீரின் இரைச்சல் மெல்ல அடங்கியது. இரண்டாம் மதகில் துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் காத்திருந்தார்.

"என்ன லஸ்கரே, இவ்வளவு வெள்ளன? வண்டி மக்கர் பண்ணலியா?"

"பண்ணலையே."

"இன்னும் ஒரு அரை மணி விட்டுட்டு மூடேன். கடைசி வயல் பாக்கி."

"உங்க வாட்ச்ச அரை மணி பின்னால தள்ளி வெச்சுக்கங்க. ஷட்டரு என் வாட்ச்சுலதான் ஓடும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். மூன்றாம் மதகும் மூடப்பட்டபின் நாங்கள் நீருக்கு முன்னே கடைமடைக்குச் சென்று காத்திருந்தோம். வண்டியில் வந்தவர்களுக்கு நீர் நடந்துவரும் வேகம் பொறுக்கமுடியாததாக இருக்கிறது. பத்து மணி ஆயிற்று. கரையில் இருபது பேர் கூடிவிட்டார்கள். எவரும் கலியபெருமாளுடன் பேசவில்லை; அவரும் வாய்க்கால் வளைவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளைவில்தான் சென்ற ஆண்டு நீர் நின்றுபோயிற்று.

பதினொரு மணி அளவில், உலர்ந்த சருகுகளையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, அது வளைவைக் கடந்து வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, கணுக்கால் அளவு. பின் முழங்கால் அளவு. முதல் மடை திறக்கப்பட்டது.

சகுந்தலா தம் வயலில் மண்ணை வெட்டிவிட்டுக் குழாயருகே குந்தி அமர்ந்தார். கொட்டாங்குச்சியை எடுத்து உள்ளே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பின் எழுந்து, வேம்படியிலிருந்து தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கரையேறி வந்தார். இம்முறை அவர் கையில் இரண்டு குவளைகள் இருந்தன.

"வெளக்கு எரிஞ்சுதா, அண்ணே?"

"நேத்திக்கே எரிஞ்சுட்டுது தங்கச்சி."

கலியபெருமாள் மோரைக் குடித்து முடிக்கும்வரை அவர் அங்கேயே நின்று, வெறுங்குவளையை வாங்கிக்கொண்டு வயலுக்கு இறங்கினார்.

ஆகவே ஜபருல்லா அன்பர்க்கும், அவரிடம் வண்டி கொண்டுவருவோர்க்கும் என் வேண்டுகோள்: அது மலேசியா ஐயாவின் கண்டுபிடிப்பன்று. கீழப்பூவங்குடி சகுந்தலாவின் எண்ணம், ஜபருல்லாவின் கைத்திறம். அதில் நான் செய்தது அந்த மூடி மட்டுமே.

குறிப்பேட்டில் அப்படத்தை நான் அழிக்கவில்லை. என் கோடுகளின்மேல் அவர் வைத்த புள்ளி அப்படியே இருக்கிறது. இக்கட்டுரையிலும் என் சொற்றொகுப்பிலும், தூக்கிப் பாராமல் நான் வரைந்துவிட்ட மூடிகள் இன்னும் இருக்கக்கூடும். மதகறிந்தோரும் மண்ணறிந்தோரும் அவற்றைக் காண்பாராயின், தயங்காமல் அவ்விடத்தில் ஒரு புள்ளி வைத்து எனக்குத் தெரிவிக்க வேண்டுகிறேன்.